இரண்டரைச் சட்டி மணல்

திங்கட்கிழமை காலை ஆறரை மணி ஆவதற்குள் அக்கா மூன்று முறை கூப்பிட்டுவிட்டாள். முதல் முறை, வெள்ளிக்கிழமையோடு மாற்று மனைக்கு மனு வாங்குவதை நிறுத்தப்போகிறார்களாம், தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்றாள் தங்கை. இரண்டாம் முறை, நான் மனு போடப்போவதில்லை, அதையும் தெரிந்துகொள் என்றாள். சரி என்றாள் தங்கை. மூன்றாம் முறை, நான் போடவில்லை என்கிறேன், நீ பாட்டுக்குச் சரி என்கிறாயே, கூடப்பிறந்தவள் பேசுகிற பேச்சா இது என்று சண்டைக்கே வந்துவிட்டாள்.

"போட வேண்டாம்னு நான்தானேக்கா சொன்னேன்? அளந்து பாத்துட்டுத்தானே சொன்னேன்?"

"அளந்தே. இல்லேங்கல. ஆனா உன் குரல்ல அது இல்லையே."

எது இல்லை என்று கேட்டால் அது ஒரு மணி நேரம் போகும். தங்கை போனை வைத்துவிட்டு, எட்டு மணிப் பேருந்தை விட்டு ஏழு மணிப் பேருந்தைப் பிடித்தாள். வீட்டில் இருந்தால் நான்காவது அழைப்பு நிச்சயம். அவள் வேலை செய்யும் கொட்டகைக்குத் தகரக் கூரை. உள்ளே போனால் போன் எடுக்காது. மழைக்கு ஒழுகினாலும், வெயிலுக்குக் கொதித்தாலும், அந்தக் கூரையை அவள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

கொட்டகையில் அவளுக்கு மில்லியம்மா என்று பெயர். எதையும் மில்லிமீட்டரில் சொல்லுவாள். தேநீர்க் கோப்பையை வைத்தால், நேற்றைக்கு இன்று நாலு மில்லி குறைகிறது என்பாள். அவள் வேலையே அதுதான். கொட்டகையின் நடுவில் ரயில் நடைமேடை நீளத்துக்குச் செங்கல்லால் கட்டிய தொட்டி ஒன்று இருந்தது. அதற்குள் ஓர் ஆற்றின் கடைசிப் பகுதியும், அது கடலில் விழும் முகத்துவாரமும், இருபக்கக் கரையும் மணலால் அச்சு அசலாக வார்க்கப்பட்டிருந்தன. அங்கே ஒரு சென்டிமீட்டர் என்றால் வெளியே ஒரு மீட்டர். ஒரு பக்கம் பம்பு ஆற்றுநீரை விடும். இன்னொரு பக்கம் மோட்டாரில் ஆடும் பலகை அலையை எழுப்பும். ஒரு நாள் ஓட்டினால் வெளியே ஒரு வருடம் ஓடியதற்குச் சமம். சாயங்காலம் நிறுத்துவார்கள், தண்ணீர் ராத்திரியெல்லாம் மெதுவாக வடியும், காலை ஒன்பது மணிக்கு மில்லியம்மா தொட்டியின் மேல் உருளும் பலகையில் குப்புறப் படுத்து, அளவு ஊசியை இறக்கி, கரை எங்கே இருக்கிறது என்று அளந்து எழுதுவாள்.

அந்த ஆறு வேறு எந்த ஆறும் இல்லை. அக்காவின் ஆறு.

அக்காவுக்கும் அதற்கும் பிறந்ததிலிருந்தே ஒத்துப்போகவில்லை. முதல் வீடு, அப்பா கட்டியது, ஆற்றின் வெளிவளைவில் இருந்தது. வளைந்து வரும் தண்ணீர் வெளிக்கரையில்தான் வேகமாக மோதும். ஒரு மழைக்காலத்தில் தோட்டத்தைத் தின்றது, மறு மழைக்காலத்தில் சமையலறையைத் தின்றது. பட்டது போதும் என்று, கல்யாணத்துக்குப் பிறகு அக்கா எதிர்க்கரையில் உள்வளைவுக்குக் குடிபோனாள். உள்வளைவில் தண்ணீர் சோம்பேறி. சுமந்து வந்த வண்டலை அங்கேதான் இறக்கிவைக்கும். அத்தானின் படகுத்துறை பத்து வருடத்தில் தண்ணீரைவிட்டு எழுபது மீட்டர் தள்ளிப்போய், படகே வராத படகுத்துறையாக நாணலுக்கு நடுவில் நின்றது. வெளிவளைவில் இருந்தால் தின்கிறது, உள்வளைவில் இருந்தால் துப்புகிறது, இதோடு மனுஷி எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்று திட்டிக்கொண்டே அக்கா மூன்றாவதாக முகத்துவாரத்துக்கே போய்விட்டாள். இங்கே வளைவே கிடையாது, இனி என்ன செய்துவிடும் பார்க்கலாம் என்பது அவள் எண்ணம். வடகரையில், கடலிலிருந்து நாற்பது மீட்டர் தள்ளி வீடு. வீட்டு முன்னறையில் கயிறும் படகுச் சாயமும் விற்கும் கடை. அத்தான் போன பிறகும் கடையை மூடவில்லை.

வளைவு இல்லையென்றால் என்ன, கடல் இருக்கிறதே. ஆறு கொண்டுவந்து கொட்டும் மணலையும் தெற்கே கிடக்கும் மணலையும் சாய்ந்து வரும் அலை கரையோரமாகவே வடக்கே தள்ளிக்கொண்டு போகும். கோடையில் ஆறு இளைத்துவிட்டால் அலையின் கை ஓங்கி, ஆற்றின் வாயையே மணலால் அடைத்துவிடும். படகுகள் திட்டில் தட்டி நிற்கும். இதற்கு ஒரு முடிவு கட்ட, முகத்துவாரத்தின் தென்பக்கம் கடலுக்குள் கருங்கல் சுவர் நீட்டலாம் என்று நகராட்சி தீர்மானித்தது. சுவர் வந்தால் படகு வரும், படகு வந்தால் கயிறு விற்கும். ஆகவே அக்கா சுவர்க் கட்சி. ஆனால் சுவர் வந்தால் வடகரை என்ன ஆகுமோ என்று யாரோ சந்தேகம் கிளப்ப, வேண்டுமென்கிறவர்களுக்குத் தண்ணீர்த்தொட்டி மேட்டில் மாற்று மனை தருவதாக நகராட்சி அறிவித்தது. மேட்டில் உட்கார்ந்துகொண்டு நான் கயிற்றை யாருக்கு விற்பது, காக்கைக்கா என்றாள் அக்கா. நியாயமான கேள்விதான். வடகரைக்கு ஆபத்து உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டியது கொட்டகையின் பொறுப்பு. தொட்டியிலும் அதே இடத்தில் ஒரு சிறு சுவரை வைத்து ஓட்டினார்கள். ஐந்து வாரமாக மில்லியம்மாவின் ஊசி ஒரே பதிலைச் சொல்லிக்கொண்டிருந்தது. வடகரை இருந்த இடத்தில் இருக்கிறது. ஒரு மில்லி, இரண்டு மில்லி, அவ்வளவுதான் வித்தியாசம். அதை நம்பித்தான் அக்கா மனுவைத் தொடவில்லை.

அன்றைக்கு அவள் கொட்டகைக்குள் நுழைந்தபோது மணி ஏழே முக்கால். இந்த நேரத்தில் அவள் வந்ததே இல்லை. தூணுக்கு அந்தப் பக்கம், தொட்டிக்குள், யாரோ முனகிப் பாடும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தாள். கொத்தனார் வடகரையில் மண்டியிட்டு, கரணையால் மணலை அமுக்கி வழித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாந்துச் சட்டி. மட்டப்பலகை வைத்து ஓர் இழுப்பு இழுத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, திருப்தியாகத் தலையை ஆட்டினார்.

பழைய கொத்தனார் ஓய்வு பெற்றபின், கட்டட வேலையிலிருந்து எடுத்த ஆள் இவர். இரண்டு மாதம் ஆகிறது. கட்டட வேலை ஏழு மணிக்குத் தொடங்கும், கொட்டகை ஒன்பதுக்கு. இவருடைய உடம்பு ஏழு மணிக்குத்தான் பழகியிருந்தது. காவலாளியும் கதவைத் திறந்து விட்டுவிடுவார்.

"என்ன பண்றீங்க கொத்தனாரே?"

"வாங்கம்மா, சீக்கிரமா வந்துட்டீங்களே. இந்தா, முடிஞ்சிடுச்சு. நீங்க அளந்துக்கலாம்."

"என்ன முடிஞ்சிடுச்சு?"

"கரைதான். தெனமும் சரிஞ்சு போயிடுது பாருங்க. பொடி மண்ணு, பிடிமானம் இல்ல. நானும் அமுக்கி அமுக்கித்தான் வெக்கிறேன்."

"தெனமுமா?"

"வந்த நாள்லேருந்து. நீங்க வர்றதுக்குள்ள முடிச்சிடணும்ல."

மில்லியம்மா உருளும் பலகையின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஐந்து வாரம். வாரத்துக்கு ஐந்து நாள். இருபத்தைந்து காலைகள் ஊசி இறக்கி, ஒரு மில்லி விடாமல் அவள் அளந்தது கடல் விட்டுவைத்த கரையை அல்ல, கொத்தனார் கட்டிய கரையை. கோபம் கொத்தனார் மேல் வருவதற்கு முன்னால் அவள்மேலேயே வந்தது. அந்தக் கரை நூல் பிடித்த மாதிரி நேராக இருந்ததே. எந்தக் கடல் நூல் பிடித்துக் கரை போடும்? மணலில் அலைத்தடம் ஒன்றுகூட இல்லையே. ஊசி நுனியைப் பார்த்தவள் ஊசி எதைத் தொடுகிறது என்று பார்க்கவில்லை. கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு குருடியாக இருந்த கதை.

அதற்குப் பிறகு கொத்தனார் மேலும் வந்தது.

"இது சரியறதுக்காகக் கட்டினதுங்க. எவ்வளவு சரியுதுன்னு பாக்கறதுக்குத்தான் நான் சம்பளம் வாங்கறேன்."

கொத்தனார் கரணையைத் துடைத்தார். அவர் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. பைத்தியம் சொல்வதைப் பொறுமையாகக் கேட்பவரின் களை இருந்தது.

"சரியறதுக்காக யாராவது கட்டுவாங்களாம்மா? முப்பது வருஷம் வேலை பாத்தாச்சு. கட்டினது சரிஞ்சா யார் பேரு கெடும்? தண்ணி பேரா கெடும்? கொத்தனார் பேருதான் கெடும்."

அவர் மேலும் ஏதோ சொல்ல வந்தார், மண்ணை எங்கே அள்ளினேன், எவ்வளவு அள்ளினேன் என்று. மண்ணைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேசாதீர்கள் என்று மில்லியம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். கும்பிட்ட கையில் ஊசி இருந்ததால் அது கும்பிடு மாதிரியும் இல்லை.

கொட்டகையின் தலைமைப் பொறியாளருக்கு அப்புறம் சார் என்று பெயர். தொட்டிக்கு மேலே இருந்த கேமரா பழுதாகி இரண்டு மாதமாகிறது என்று அவள் நாலு தடவை எழுதிக் கொடுத்தாள். நாலு தடவையும் அப்புறம் பார்க்கலாம் என்றார். அந்தக் கேமரா ஓடியிருந்தால் கொத்தனாரின் முதுகு முதல் நாளே படத்தில் விழுந்திருக்கும். இதை அவரிடம் சொல்லாமல் இருக்க மில்லியம்மா மிகவும் பாடுபட்டாள், சொல்லியும்விட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்தார். அறிக்கை போயாகிவிட்டது என்றார். வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கு நகராட்சியில் கூட்டம், சுவருக்கு ஒப்புதல், இந்த நேரத்தில் போய்க் கொத்தனார் பூசிவிட்டார் என்றால் நம்மைப் பார்த்துச் சிரிக்க மாட்டார்களா, கூட்டம் முடியட்டும், அப்புறம்...

"அப்புறம் இல்ல சார். அந்த அஞ்சு வார அளவுலயும் என் கையெழுத்து இருக்கு. அதை நான் திருப்பி எடுத்துக்கறேன்."

"போட்ட கையெழுத்தை எப்படிம்மா எடுப்பீங்க?"

"எடுத்துட்டேன்னு எழுதி, அதுக்குக் கீழ இன்னொரு கையெழுத்து போடுவேன்."

அப்புறம் சார் கெட்டவர் அல்ல. எதையும் இன்றைக்குச் செய்யப் பிடிக்காதவர், அவ்வளவுதான். செவ்வாயிலிருந்து வெள்ளி காலை வரை ஓட்டிப் பாருங்கள் என்றார். நாலு நாள். நாலு வருடம்.

மில்லியம்மா கொட்டகைக்கு வெளியே, பம்பு அறையின் பின்னால் நின்று அக்காவைக் கூப்பிட்டாள். வாழ்க்கையில் அவளாகக் கூப்பிட்டது குறைவு. அக்கா எடுத்ததும் யார் செத்தது என்றுதான் கேட்டாள். யாரும் சாகவில்லை, நான் அளந்தது கொத்தனார் தினமும் பூசி வைத்த கரை, நான் சொன்னது தப்பு, மனுவைப் போடு என்றாள் மில்லியம்மா.

"இப்ப உன் குரல்ல அது இருக்கு," என்றாள் அக்கா.

"அப்போ போடு."

"போடமாட்டேன்."

போட மாட்டாளாம். ஐந்து வாரம் இரு இரு என்றாய், நானும் நம்பிக் கடைக்குப் புதுப் பலகை அடித்து, பெரிய கயிற்றுக் கட்டு இறக்கியாகிவிட்டது. இப்போது எவனோ கரணை பிடித்தான் என்று ஓடு ஓடு என்கிறாய். மூன்று தடவை இந்த ஆறு சொல்லி வீடு மாறினேன், அதாவது கண்ணெதிரே செய்து காட்டியது, நானும் மாறினேன். நீ வாயால் சொல்கிறாய். வாயால் சொன்னதற்கெல்லாம் வீட்டைத் தூக்கிக்கொண்டு அலைய நான் நத்தையா? வெள்ளிக்கிழமை வருகிறேன், காட்டு, பார்க்கிறேன். இதுதான் அக்காவின் தீர்ப்பு. மூன்று தடவை இல்லை, இரண்டு தடவைதான் என்று திருத்தப் போய், மில்லியம்மா இன்னொரு கால் மணி நேரம் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

மணலை முதலிலிருந்து வார்த்தார்கள். வார்த்தது கொத்தனார்தான், வேறு யாருக்கும் கை வராது. முடித்ததும் மில்லியம்மா தன் மேல்சட்டையின் கடைசிப் பொத்தானை அறுத்து, வடகரையில், தண்ணீர் விளிம்பிலிருந்து சரியாக நானூறு மில்லி தள்ளி வைத்தாள். நீலப் பொத்தான். இது என்ன என்றார் கொத்தனார். எங்கள் அக்கா என்றாள்.

செவ்வாய் ஓட்டி, புதன் காலை அளந்தாள். கரை நூற்றிருபத்து மூன்று மில்லி உள்ளே வந்திருந்தது. ஆறு கொண்டுவந்த மணல் சுவரோரமாக ஆழத்துக்குப் போயிருந்தது, தெற்கிலிருந்து வந்த மணல் சுவருக்குத் தென்பக்கம் ஏறிக் குவிந்திருந்தது. வடக்கே போக வேண்டிய மணல் போகவில்லை. அலை மட்டும் வழக்கம்போல் வடகரைக்கு வந்தது. கொண்டுவர ஒன்றும் இல்லாததால், அங்கே இருந்ததை எடுத்துக்கொண்டு போனது. விருந்தாளி வெறுங்கையோடு வந்து பாத்திரத்தையும் தூக்கிக்கொண்டு போன மாதிரி.

கொத்தனாரை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருந்தாள். அவர் ஏழு மணிக்கே வந்து, வாசல் மரத்தடியில் இரண்டு கையையும் அக்குளில் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வியாழக்கிழமை அவள் அளக்கும்போது பின்னால் நின்று, பெருமூச்சு விட்டுக்கொண்டே இருந்தார். கரை இருநூற்று நாற்பது மில்லி போயிருந்தது. மேட்டின் முகம் செங்குத்தாக, பல் பிடுங்கிய ஈறு மாதிரி நின்றது. ஒரே ஒரு தடவை, ஓரத்தை மட்டும், பார்வைக்கு லட்சணமாக வழித்துவிடட்டுமா என்று கேட்டார். கூடாது என்றாள். என் பெயரைச் சொல்லாமல் வேறு யாரோ கட்டியது என்றாவது சொல்லுங்கள் என்றார். அதற்கும் முடியாது என்றாள். அவர் அன்றைக்கு மதியம் சாப்பிடவில்லை என்று காவலாளி வந்து இவளிடம் முறையிட்டுவிட்டுப் போனார். இதுவும் அவள் தலையில்.

வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு அக்கா வந்துவிட்டாள். கையில் துணிப்பை, அதில் நிரப்பாத மனு. வாசலிலிருந்தே பேருந்தைப் பற்றியும், கொட்டகையின் வாடையைப் பற்றியும் அவளுக்கு நிறையச் சொல்ல இருந்தது. தொட்டியைப் பார்த்ததும் கிட்டே போனாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் குனிந்து பார்த்தாள். இது தூண்டில்காரர்கள் உட்காரும் முனை, இது உடைந்த படகு கிடக்கும் இடம் என்று விரல் நீட்டினாள். வெளிவளைவைக் கண்டுபிடித்து, அங்கே மட்டும் விரலை வைக்காமல் எடுத்துக்கொண்டாள்.

"இதுல நான் எங்க?"

மில்லியம்மா நீலப் பொத்தானைக் காட்டினாள். மூன்று நாள் ஓட்டத்தில் கரை அதற்கு நாற்பது மில்லி தூரத்தில் வந்து நின்றிருந்தது.

"இத்துணூண்டா இருக்கேன்?"

"வீடு. நீ இல்ல. நீ இன்னும் சின்னது."

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல உனக்கு."

கூட்டத்துக்குக் கடைசி அளவை வாங்கிப்போக அப்புறம் சாரும் வந்து நின்றார். மோட்டாரைப் போட்டார்கள். பலகை ஆடியது, அலை சாய்வாக வந்து வந்து மோதியது. பெரிய ஆர்ப்பாட்டம் ஒன்றும் இல்லை; விரல் உயர அலைதான். ஒவ்வொன்றும் ஒரு சிட்டிகை எடுத்துக்கொண்டு போனது. பத்தேமுக்கால் மணிக்குப் பொத்தானுக்குக் கீழே இருந்த மணல் ஒரு துண்டாகக் கழன்றது. பொத்தான் சாய்ந்து, ஒரு முறை பளிச்சிட்டு, கலங்கலுக்குள் போய்விட்டது.

அக்கா சட்டென்று கையை விட்டுத் தொட்டிக்குள் துழாவி அதை எடுத்தாள். முன்னால் இருந்த இடத்தில் வைக்கப் பார்த்தாள். அந்த இடம் இல்லை. இன்னும் உள்ளே தள்ளி வைத்தாள். அதைத் தொடாதே அக்கா, அளவு கெடும் என்றாள் மில்லியம்மா. உன் அளவுதானே, ஐந்து வாரம் கெட்டது இன்னும் ஐந்து நிமிஷம் கெட்டால் குடிமுழுகிப் போகாது என்றாள் அக்கா. பொத்தானைச் சுற்றி விரலால் மணலைக் கூட்டி அணைத்தாள். பயத்தை மறைக்கத்தான் அவ்வளவு கடுப்பு என்று தங்கைக்குத் தெரிந்தது. மோட்டாரை நிறுத்தச் சொன்னாள்.

அக்கா தண்ணீர் சொட்டும் கையோடு திரும்பி, தூணில் சாய்ந்து நின்ற கொத்தனாரைப் பார்த்தாள்.

"அஞ்சு வாரம் கரையைப் பிடிச்சு நிறுத்தினது நீங்கதானா?"

கொத்தனார் இனி தனக்குச் சீட்டுக் கிழிந்தது என்று நினைத்திருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு, ஆமாம்மா என்றார்.

"நின்னுச்சா?"

"எது?"

"கரைதான். நீங்க போட்டா நின்னுச்சா?"

கொத்தனார் நிமிர்ந்தார். நாலு நாளாக யாரும் கேட்காத கேள்வி. "நின்னுச்சும்மா. சாயங்காலத்துக்குள்ள மறுபடி போயிடும். காலையில மறுபடி போட்டா மறுபடி நிக்கும்."

"மண்ணு எங்கேருந்து எடுத்தீங்க? மூட்டை மூட்டையா வெளியேருந்து கொண்டாந்தீங்களா?"

"எதுக்குங்க வெளியேருந்து? சுவத்துக்குத் தென்பக்கம் சும்மா குவிஞ்சு கிடக்குது. அங்க அள்ளி இங்க போட்டேன். தெனம் ரெண்டரைச் சட்டி. கூடவும் இல்ல, குறையவும் இல்ல. திங்கக்கிழமை அம்மாகிட்ட சொல்ல வந்தேன். மண்ணைப் பத்திப் பேசாதேன்னாங்க."

மில்லியம்மாவுக்குத் தன் தலையில் தானே ஊசியை இறக்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. தென்பக்கம் எதிர்பார்த்த அளவு மணல் குவியவில்லை என்று ஐந்து வாரமாக எழுதி, அதற்கு ஒரு காரணத்தையும் கண்டுபிடித்து, பத்தியாக எழுதி அனுப்பியிருந்தாள். காரணம் தூணில் சாய்ந்துகொண்டு நின்றது.

அப்புறம் சார் அதுவரை கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அந்த மனிதர் அப்புறம் என்று சொல்லாமல் ஒரு காரியம் செய்ததை அன்றைக்குத்தான் கொட்டகை பார்த்தது. ஒரு சட்டி எத்தனை லிட்டர் என்று கேட்டார். பன்னிரண்டு என்றார் கொத்தனார். தொட்டிச் சுவரிலேயே பெருக்கினார். அப்படியென்றால் அந்த ஐந்து வார அளவும் வீண் இல்லை, நாம் கேட்ட கேள்விக்கு அது விடை இல்லை, அவ்வளவுதான் என்றார். சுவர் கட்டினால் வடகரை போகும். ஆனால் வருடா வருடம் தெற்கில் குவிவதை அள்ளி வடக்கே கொட்டினால் போகாது. அதை இருபத்தைந்து தடவை செய்து, அளந்தும் வைத்திருக்கிறோம். சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது.

"வெளிய இது எவ்வளவு சார்?" என்றாள் மில்லியம்மா.

"முப்பதாயிரம் கன மீட்டர். ஒரு லாரிக்கு அஞ்சுன்னு வெச்சா... ஆறாயிரம் லாரி. ஒவ்வொரு வருஷமும்."

அவர் அக்காவைப் பார்த்துப் புன்னகைத்தார். உங்கள் வீட்டுக்கு வழி பிறந்துவிட்டது, இதை நிபந்தனையாக வைத்துத்தான் இன்றைக்குச் சுவருக்கு ஒப்புதல் தரச் சொல்லப்போகிறேன் என்றார். மில்லியம்மாவுக்கும் மூச்சு வந்தது. அக்கா தன் வீட்டில் இருக்கலாம். கடை இருக்கும், படகும் வரும். பொத்தானைச் சட்டையில் தைத்துக்கொள்ளலாம்.

அக்கா மேல்துணியில் கையைத் துடைத்தாள்.

"ஆறாயிரம் லாரி யாரு ஓட்டுவா?"

"நகராட்சிதான்."

"எவ்வளவு நாளைக்கு?"

"சுவர் இருக்கிற வரைக்கும்."

"எங்க தெரு முனையில விளக்கு எரியல சார். ஒரே ஒரு விளக்கு. ரெண்டு வருஷமா எழுதிக் குடுக்கறேன்." அக்கா துணிப்பையிலிருந்து மனுவை எடுத்தாள். "ஆறு சொன்னா சொன்னதைச் செய்யும். தின்னுவேன்னா தின்னும். அதோட நான் மல்லுக்கட்டிடுவேன். இவங்களோட முடியாது. ஏய், பேனா குடு."

மில்லியம்மா கொடுக்கவில்லை. அவசரப்படாதே என்றாள். இப்போதுதானே நிபந்தனை வைக்கிறார்கள், பொறுத்துப் பார் என்றாள். போடு போடு என்று திங்கட்கிழமை கத்தியவள் இன்று போடாதே போடாதே என்று கத்துகிறாளே என்று அக்கா கொத்தனாரிடம் முறையிட்டாள். அக்கா அவரைப் பார்த்து, நீங்கள் தினமும் காலையில் ஏழு மணிக்கு வந்து எங்கள் வீட்டு வாசலில் ரெண்டரைச் சட்டி போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், நான் இருக்கிறேன் என்றபோது, அவர் அதை நிஜமாகவே யோசித்தார்.

"வரலாம்மா. ஆனா நான் ஒரு ஆளு. அங்க ஆறாயிரம் லாரிங்கறாரே."

"பாத்தியா," என்றாள் அக்கா தங்கையிடம். "உண்மையைச் சொல்ற ஆள் இந்தக் கொட்டகையில இவர் ஒருத்தர்தான்."

பேனாவை அப்புறம் சாரின் கையிலிருந்தே வாங்கிக்கொண்டாள். உருளும் பலகையின் மேல் மனுவை விரித்து, முகத்துவாரத்துக்கு நேர் மேலே உட்கார்ந்து நிரப்பினாள். இடம் மாறக் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தது. தினமும் மண் அள்ள ஆள் இல்லை என்று எழுதினாள். இப்படியெல்லாம் எழுதினால் தள்ளிவிடுவார்கள் அக்கா என்றாள் மில்லியம்மா. அப்படியென்றால் நீ வந்து அளந்து சொல் என்றாள் அக்கா. மூன்றரை மணிக்கு நகராட்சி அலுவலகத்தில் அதை வாங்கிய எழுத்தர் காரணத்தைப் படிக்கவேயில்லை. முத்திரையைக் குத்திக் கட்டில் செருகினார்.

சுவருக்கு ஒப்புதல் கிடைத்தது. மணல் மாற்றும் நிபந்தனையை இணைப்பாகச் சேர்த்திருப்பதாகவும், விவரத்தை அப்புறம் பேசலாம் என்று சொல்லியிருப்பதாகவும் அப்புறம் சார் வந்து சொன்னார். அவருடைய வார்த்தையையே அவருக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. மறுவாரமே கேமராவைப் பழுது பார்க்க ஆள் வந்தான்.

கொத்தனார் இப்போதும் ஏழு மணிக்குத்தான் வருகிறார். வாரத்தில் இரண்டு நாள் இரண்டரைச் சட்டி, இரண்டு நாள் ஒன்றேகால், ஒரு நாள் ஒன்றுமே இல்லை. லாரி பாதி வந்தால் என்ன ஆகும், வராமலே போனால் என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனை. ஒன்றுமே இல்லாத நாளில் அவர் மரத்தடியில் அக்குளில் கையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அக்கா மேட்டுக்குப் போன பத்தாம் நாள் முதல் மழை பெய்தது. மறுநாள் மில்லியம்மா பம்பு அறைக்குப் பின்னால் நின்றபோது போன் அடித்தது.

"ஏய், இங்க வீட்டுக்குப் பின்னால மழைத்தண்ணி ஒரு கோடு போட்டிருக்குடி."

"மேடுன்னா தண்ணி இறங்கத்தான்க்கா செய்யும். எவ்வளவு அகலம்?"

"விரல் அகலம். நேத்து சுண்டுவிரல், இன்னிக்குக் கட்டைவிரல்."

"அது ஒண்ணும் பண்ணாது."

"அளந்து பாக்காம சொல்லாதே. வளைஞ்சு வேற போகுது." அக்கா குரலைத் தாழ்த்தினாள், கோட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. "நான் வெளிவளைவுல இருக்கேனா, உள்வளைவுல இருக்கேனா? அதை மட்டும் வந்து சொல்லிட்டுப் போ."

மில்லியம்மா கூரைக்கு அடியில் போய் நின்றாள். போன் தொடர்பு அறுந்து போயிற்று. பிறகு உள்ளே போய், அளவு ஊசியைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு, மேட்டுக்கு எத்தனை மணிக்குப் பேருந்து என்று காவலாளியிடம் கேட்டாள்.